பற்கள் சொன்ன சாட்சி



ஒரு கிணற்று நீர் நல்லதா, அன்றா என்பதை நம் வீட்டுப் பெரியோர் மூன்று வழிகளில் அறிந்தனர். நாவிலிட்டுச் சுவைத்தனர், உலையிலேற்றிப் பருப்பு வேகிறதா என்று பார்த்தனர், செம்பில் எடுத்து வைத்து, அடியில் கசடு தங்குகிறதா என்று நோக்கினர். நீர் கலங்கியிருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தெளிய வைத்தனர். உவர்ப்பு மிகுந்திருந்தால் நெல்லிக்கட்டையைக் கிணற்றுக்குள் இட்டனர். இவற்றையெல்லாம் பழங்கால அறியாமை என்று தள்ளிவிடுவோர் உளர். நான் அவ்வாறு கருதுவதில்லை. பருப்பு வேகாத நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்திருக்கும் என்பதை இன்றைய வேதியியலும் ஒப்புகிறது. தேற்றாங்கொட்டை கலங்கலைப் படிய வைக்கும் என்பதும் ஆய்வுக்கூடங்களில் மெய்ப்பிக்கப்பட்டதேயாகும்.

ஆயினும் இம்மூன்று சோதனைகளிலும் செம்மையாகத் தேறிய நீரே ஓர் ஊர்ப் பிள்ளைகளின் பற்களைப் பழுப்பாக்கி, அவர்கள் நடுவயதை எட்டுமுன் முதுகெலும்பையும் விறைக்கச் செய்திருக்கிறது. அந்த நீரில் நாற்றம் இல்லை, நிறம் இல்லை, சுவைக் கேடும் இல்லை. பின் அதன் குற்றம் எவ்வாறு வெளிப்பட்டது? அவ்வரலாறே இன்றைய என் பேச்சுக்குப் பொருள். அது தொடங்கியது அமெரிக்க நாட்டு மலையடிவார நகரம் ஒன்றில். அதன் முக்கியமானதோர் அத்தியாயம் எழுதப்பட்டதோ நம் சென்னையைச் சேர்ந்த கிண்டியில்.

1901-ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தொழில் நடத்த வந்தார். அங்குப் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறையைக் கண்டு திகைத்தார். சிலருடைய பற்கள் சாக்கலேட்டின் நிறத்திலேயே இருந்தன. தேய்த்தாலும் போகவில்லை, சுரண்டினாலும் போகவில்லை. கறை பல்லின் மேற்பூச்சிலேயே ஊறியிருந்தது. ஊராரைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பன்றியிறைச்சி மிகுதியாக உண்பதால் என்றார் ஒருவர். மட்டமான பால் என்றார் மற்றொருவர். அவர் தாம் படித்த நூல்களில் தேடினார். அந்த நோய்க்குப் பெயரே இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் நேபிள்ஸ் துறைமுகத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலேற வந்தவர்களைப் பரிசோதித்த மருத்துவர் ஒருவரும் இத்தகைய பற்களைக் கண்டு எழுதி வைத்தார். உலகின் இரு கோடிகளில் ஒரே கறை!

பல் மருத்துவத்தில் அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்த ஜி. வி. பிளாக் என்பாரை மெக்கே வற்புறுத்தி அழைத்தார். பெரியவர் 1909-ல் வந்தார். இருவரும் சேர்ந்து பார்த்ததில், அந்நகரில் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கறை இருந்தது தெரிந்தது. 1915-ல் பிளாக் மறையும் வரை அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. இரண்டு உண்மைகள் மட்டும் அவர்கள் கைக்கு அகப்பட்டன. வளர்ந்த பின் அவ்வூருக்குக் குடியேறியவர்களுக்குக் கறை வருவதில்லை. பல் ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருக்கும் இளமைப் பருவத்திலேயே கேடு நேர்கிறது. மற்றொன்று, இக்கறைப் பற்களை எளிதில் சொத்தை அரிப்பதில்லை. இந்த இரண்டாவது செய்தி பின்னாளில் ஒரு தனி வரலாற்றுக்கே வித்தாயிற்று. குடிநீரைப் பற்றிய ஐயம் மெக்கேயின் உள்ளத்தில் வளர்ந்து வந்தது, சான்றுதான் கிடைக்கவில்லை.

அந்தச் சான்றின் முதற்பகுதியை அளித்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்லர், பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்றொரு சிற்றூர். ஐந்து மைல் தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து குழாய் போட்டு ஊருக்கு நீர் கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகள் கழிந்ததும் பிள்ளைகளுக்கு முளைத்த புதுப்பற்களில் கறை தோன்றிற்று. குழாய் வருமுன் இது இல்லையே என்று பெற்றோர் எண்ணிப் பார்த்தனர். 1923-ல் மெக்கே அங்குச் சென்று அந்நீரைச் சோதிக்கச் செய்தார். குறை ஒன்றும் தெரியவில்லை! எனினும் அவர் அக்குழாயைக் கைவிட்டு வேறோர் ஊற்று நீரைப் பயன்படுத்துமாறு சொன்னார். ஊரார் செவிசாய்த்தனர். அடுத்த சில ஆண்டுகளில் முளைத்த பற்கள் வெண்மையாக வந்தன. ஆய்வுத்தாளில் குற்றமற்றதென்று எழுதப்பட்ட நீரை, தம் மக்களின் பற்களை நம்பித் தள்ளி வைத்த அப்பெற்றோரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. இவ்வரலாற்றில் என் மதிப்பில் முதலிடம் அவர்களுக்கே.

ஆய்வு ஏன் பொய்த்தது? அக்கால வேதியியலார் நீரில் வழக்கமாக இருப்பனவற்றை மட்டுமே தேடினர். உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அளந்தனர். அவர்களுடைய பட்டியலில் இல்லாத ஒன்று எவ்வளவு இருந்தாலும் அது அவர்கள் கண்ணில் படவில்லை.

அர்க்கான்சா மாநிலத்தில் பாக்சைட் என்றோர் ஊர். அலுமினியத் தாது வெட்டும் பெரிய நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்க்காக அமைத்த ஊர் அது. அங்கும் பிள்ளைகளின் பற்களில் கறை. ஐந்து மைலுக்கு அப்பாலிருந்த ஊரில் இல்லை. இச்செய்தி அந்நிறுவனத்தின் தலைமை வேதியியலார் எச். வி. சர்ச்சில் என்பாரின் காதுக்கு எட்டியது. அந்நாளில் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் நஞ்சு சேரும் என்றொரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. இந்தக் கறையையும் தம் உலோகத்தின் தலையில் கட்டிவிடுவார்களோ என்று அவர் அஞ்சினார். ஆகவே நீரில் இருக்கும் தனிமங்கள் அனைத்தையும் ஒளிக்கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியில் அந்நீரைச் சோதிக்கச் செய்தார். கருவி காட்டியது ஃபுளூரைடு. அவரால் நம்ப முடியவில்லை. மாதிரி கெட்டிருக்கும் என்று ஐயுற்று வேறு நீர் தருவித்து மீண்டும் பார்க்கச் செய்தார். மீண்டும் ஃபுளூரைடே தோன்றிற்று. 1931 சனவரியில் அவர் மெக்கேக்குக் கடிதம் எழுதினார். முப்பது ஆண்டுத் தேடல் ஒரு கடிதத்தில் முடிந்தது. தன் பொருளைக் காத்துக்கொள்ள எண்ணிய ஒரு வணிக நிறுவனத்தின் அச்சமே உண்மையை வெளியே கொணர்ந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

அதன் பின் டிரெண்ட்லி டீன் என்ற அரசு மருத்துவர் ஊர் ஊராகச் சென்று அளந்து, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவு வரை பற்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு இல்லை என்று காட்டினார். அந்தச் சிறு அளவு சொத்தையைக் குறைக்கிறது என்பதும் புலப்பட்டது. 1945-ல் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் நகரில் குடிநீரில் வேண்டுமென்றே ஃபுளூரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். அது வேறு கதை. நாம் நம் நாட்டுக்கு வருவோம்.

சர்ச்சிலின் கடிதத்துக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1937-ல், சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி மருத்துவ இதழ்களில் வெளியாயிற்று. எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர். கிண்டியிலுள்ள கிங் நிலையத்தைச் சார்ந்து நடந்த ஆராய்ச்சி அது. பொதிலி, தர்சி, கனிகிரி வட்டாரங்களில் நிலம் வறண்டது, மழை குறைவு, மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். அங்குப் பிள்ளைகளின் பற்களில் கறை இருந்தது, அமெரிக்காவில் கண்டதுதான். ஆனால் அமெரிக்க ஊர்களில் பேசப்படாத ஒன்றும் இங்கிருந்தது. முப்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கைகால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி உண்டாகும். பிறகு இடுப்பில் வலி. பிறகு முதுகெலும்பு ஒரே கோலாக விறைத்துவிடும். குனிய முடியாது, திரும்ப முடியாது. விலா எலும்புகளும் இறுகி, வயிற்றின் அசைவாலேயே மூச்சு விடும் நிலைக்குச் சிலர் வந்தனர். தசைநாண்களும் பிணையங்களும் சுண்ணம் படிந்து எலும்பாகிவிட்டிருந்தன.

எருதுகளே முதலில் இக்கேட்டைக் காட்டிக் கொடுத்தன என்றும் சொல்வதுண்டு. ஏரில் பூட்டிய மாடு காரணமின்றி நொண்டுவதை உழவர்கள் கண்டனர்.

அதே 1937-ல் டென்மார்க்கில் காஜ் ரோஹோம் என்பார், கிரையோலைட்டு என்னும் தாதுவின் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் எலும்புகளும் இவ்வாறே இறுகியதை விரிவான நூலாக வெளியிட்டார். கோபன்ஹேகன் தொழிற்சாலையில் தூசியால் நேர்ந்த கேடு, நெல்லூர்க் கிராமத்தில் ஒரு குடம் நீரால் நேர்ந்திருந்தது. தொழிலாளி வேலையை விட்டு விலகலாம். தண்ணீரை விட்டு விலகுவது எங்ஙனம்?

இனி, இந்தப் பொருள் நீருக்குள் வரும் வழியைப் பார்ப்போம். தக்காணத்தின் அடித்தளம் கருங்கல்லும் அதையொத்த பழம்பாறைகளுமாம். அப்பாறைகளிலுள்ள ஃபுளூரைட்டு, அப்படைட்டு, கருமைக்கா முதலிய கனிமங்களில் ஃபுளூரின் அடங்கியிருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. நீரில் சுண்ணச் சத்து நிறைந்திருந்தால், கால்சியத்தோடு சேர்ந்து ஃபுளூரைடு படிவாக இறங்கிவிடும். சுண்ணச் சத்துக் குறைந்து சோடாக் காரம் மிகுந்த நீரிலோ, அது கரைந்தே நிற்கும். இப்போது பெரியோரின் சோதனையை நினைத்துப் பாருங்கள். சுண்ணச் சத்துக் குறைந்த நீரில் பருப்பு நன்றாக வேகும், சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், நாவுக்கும் இனிக்கும். நல்ல நீர் என்று நாம் தேர்ந்த அந்த மென்னீரிலேயே பல இடங்களில் ஃபுளூரைடு மறைந்திருந்தது. கொதிக்க வைத்தாலும் அது நீங்குவதில்லை; நீர் ஆவியாகி அளவு சுண்டுவதால் சற்று மிகுதியாகவே ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாம் எடுத்த ஒரு நல்ல முயற்சி இந்த இடரை ஓரளவு பெருக்கியது. திறந்த கிணறுகளும் படிக்கிணறுகளும் வாந்திபேதிக்கும் நரம்புச் சிலந்தி நோய்க்கும் இடமாயிருந்தன. 1960-களின் இறுதியிலிருந்து, பாறையைக் குடையும் விசை எந்திரங்கள் கிராமங்களுக்கு வந்தன. எழுபதுகளில் 'இந்தியா மார்க் டூ' என்னும் அடிகுழாய் உருவாயிற்று; அதன் சோதனை கோவையிலும், தொடக்க உற்பத்தி சென்னையிலும் நடந்தன. கிருமியற்ற நீர் கிடைத்தது. நரம்புச் சிலந்தி 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இது சிறிய வெற்றியன்று. ஆனால் மேல்மண்ணின் புதுமழை நீரை விட்டுப் பாறைக்குள் பன்னெடுநாள் கிடந்த நீரை மக்கள் பருகத் தொடங்கினர். நீர்மட்டம் தாழத் தாழத் துளையும் ஆழமாயிற்று. ஆழம் கூடினால் ஃபுளூரைடு கூடியே தீரும் என்று பொதுவிதி வகுக்க இயலாது. பல ஊர்களில் அவ்வாறு நேர்ந்தது என்று மட்டும் சொல்லலாம். மழைநீரைக் கிணற்றடியிலேயே பூமிக்குள் இறங்கச் செய்தால் நீர் நீர்த்துப் போகும். ஃபுளூரைடின் செறிவும் தணியும். 2003-ல் தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலோர் நீரின் அளவையே நினைத்தனர். அதன் தன்மைக்கும் அது மருந்து என்பதைப் பேசியவர் குறைவு.

தமிழ்நாட்டில் இக்கேட்டை மிகுதியாக அறிந்தவை தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள். தருமபுரிப் பக்கத்துப் பள்ளியொன்றுக்கு நான் பேசச் சென்றிருந்தேன். வேடிக்கையாக ஏதோ சொன்னபோது, முன்வரிசைப் பிள்ளைகளிற் சிலர் கையால் வாயை மறைத்துக்கொண்டே சிரித்தார்கள். அதன் காரணத்தை ஆசிரியர் பிறகுதான் என்னிடம் சொன்னார். அவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளூரைடுக் கேட்டைத் தணித்தல் என்னும் நோக்கமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஓக்லி ஊரார் செய்ததும் இதுவே: ஒரு நீரை விட்டு மற்றொரு நீருக்கு மாறுதல். மாற வழியில்லாத ஊர்களுக்காக, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் எழுபதுகளில், படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு ஃபுளூரைடைப் படிய வைக்கும் முறையை வகுத்தனர். நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர்.

பாறையால் வரும் கேடு இது. மனிதரால் வந்த கேட்டையும் சொல்லாமல் விடலாகாது. திண்டுக்கல் வட்டாரத்துப் பதின்மூன்று கிராமங்களில் தன்னார்வ அமைப்பொன்று கிணறுகளைச் சோதித்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவே காரணம். உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் இக்கணக்கு இடம்பெற்றிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கு அது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிணறு கிணறாகச் சென்று நீரை அளந்து எழுதி வைத்திராவிட்டால், நீதிபதிகளின் முன் வைக்க அந்த எண்கள் இருந்திரா.

சரி, நம் வீட்டுக் கிணற்றை எவ்வாறு சோதிப்பது? ஃபுளூரைடைக் காண ஓர் எளிய வேதிப்பொருள் உண்டு. சிர்க்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த செந்நிறக் கரைசல் அது. நீரில் ஃபுளூரைடு இருந்தால் அது சிர்க்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பறித்துக்கொள்ளும். சிவப்பு வெளிறி மஞ்சளாகும். மாறிய நிறத்தை அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். ஊராட்சிகளுக்கு வழங்கப்படும் சோதனைப் பெட்டிகளில் இத்தகைய கரைசல் இருக்கும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இப்பெட்டியைக் கையாளப் பயிற்சி தர ஏற்பாடு செய்யப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம், குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. நைட்ரேட்டுக்கு எல்லை 45. உரமிட்ட வயலுக்கோ கழிவுநீர்த் தொட்டிக்கோ அண்மையில் உள்ள கிணற்றில் இதைத் தவறாது பார்க்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மிகவும் வேண்டும்.

கிருமிக்கு வேறு சோதனை. 1982-ல் குவாலியரிலிருந்த பாதுகாப்புத் துறை ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறு புட்டி முறையை வெளியிட்டனர். மருந்தூட்டிய தாள் அடங்கிய, கிருமி நீக்கிய புட்டியில் நீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு உள்ள நீர் கருத்துவிடும். அக்கலப்போடு வரும் நுண்ணுயிர்கள் விடும் கந்தக வாயுவும் தாளிலுள்ள இரும்பும் சேர்ந்து தரும் கருமை அது. விலை மலிவு, கற்பதும் எளிது. இந்திய ஆராய்ச்சியின் அருமையான இந்தப் பயனை நம் பள்ளிப் பாடங்கள் போதிய அளவு சொல்லாதது எனக்கு ஒரு குறை.

பெட்டியிலும் புட்டியிலும் ஐயம் தோன்றினால் முழு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில், கட்டணம் செலுத்தித் தனியார் கிணற்று நீரையும் சோதித்துக்கொள்ளலாம். மாதிரி எடுப்பதில் சில முறைகள் உண்டு. குழாயைத் திறந்து, தேங்கிய நீர் ஓடிய பிறகே பிடியுங்கள். வேதிச் சோதனைக்குத் தூய பிளாஸ்டிக் புட்டியை அந்நீராலேயே இருமுறை கழுவி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் புட்டியே வேண்டும். அதைக் கழுவலாகாது, விளிம்பைத் தொடலாகாது. பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பித்துவிடுங்கள். புட்டியின்மேல் நாள், ஊர், கிணற்றின் ஆழம் மூன்றையும் எழுதுங்கள். மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் பாருங்கள். அவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தால், உங்கள் ஊர்ப் பாறை என்ன தருகிறது, மழை எவ்வளவைத் தணிக்கிறது என்பது தெரியும்.